எட்டரை வயசாகியும் வாசிக்கத் திணறுற பிள்ளைக்கு வீட்டுல என்ன செய்யலாம்

தங்கச்சி, நீங்க எழுதுனத முழுசா வாசிச்சேன். பையனுக்கு எட்டரை வயசு, ரெண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு சேரன்மகாதேவியில வீட்டுல வச்சே சொல்லிக் குடுக்கீங்க, கணக்கு நல்லா போடுதான், கதை சொன்னா அசையாம உக்காந்து கேக்கான், க கா கி கீ கடகடன்னு ஒப்பிக்கான், ஆனா புத்தகத்த கையில குடுத்தா தலை வலிக்கி, தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருதுன்னு எந்திரிச்சு ஓடிருதான். வீட்டுக்காரர் தானா வந்துரும் விடுங்காரு, உங்க அம்மா பள்ளிக்கூடத்துலயே விட்டிருக்கணும்ங்காவ, நடுவுல நீங்க ராத்திரி தூங்காம கெடக்கீங்க. இதானே விஷயம்.

நான் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி சுத்துவட்டாரத்துல வாசிக்கத் திணறுற பிள்ளைங்களோடயே ரொம்ப வருஷமா வேலை பாக்குற சிறப்பாசிரியர். எனக்குத் தெரிஞ்சத மொதல்லயே உடைச்சு சொல்லிருதேன், தானா வரும்னு இனி காத்திருக்காதீங்க, அதுக்காக இன்னும் ரெண்டு மணி நேரம் சேத்து உக்காரவும் வைக்காதீங்க. எங்க தடுக்குதுன்னு கண்டுபிடிச்சு அந்த எடத்துலேருந்து ஆரம்பிச்சா போதும். பேச்சு பிள்ளைக்கு கேட்டுக் கேட்டே வந்துரும், வாசிப்பு அப்படி இல்ல, அத யாராவது ஒவ்வொண்ணா காட்டிக் குடுக்கணும். வீட்டுல படிக்கிற பிள்ளைங்களப் பத்தி பேசும்போது 'எம் பொண்ணு ஒன்பது வயசுல திடீர்னு வாசிக்க ஆரம்பிச்சுட்டா'ன்னு சொல்லுதாங்க, அது பொய் இல்ல, அப்படியும் பிள்ளைங்க உண்டு. ஆனா விருப்பம் வராம வாசிக்காத பிள்ளை வேற, முயற்சி பண்ணி முடியாம ஓடுற பிள்ளை வேற. உங்க பையன் ரெண்டாவது வகை. அஞ்சு, ஆறு வயசுன்னா பொறுங்கன்னு நானே சொல்லிருப்பேன். எட்டரைக்கு பொறுக்கக் கூடாது, ஏன்னா இதுக்கு மேல போற ஒவ்வொரு மாசமும் 'எனக்கு வராது'ன்னு அவன் மனசுல ஊறிப்போகும், எழுத்த சொல்லிக் குடுக்கறத விட அந்த எண்ணத்த எடுக்கறதுதான் பெரும்பாடு.

பாடத்துக்கு முன்னால ரெண்டு வேலை. கண்ணு, காது. தூரத்து போர்டுல உள்ள எழுத்த வாசிச்சுட்டான், கண்ணு நல்லா இருக்குன்னு விட்டுராதீங்க, பக்கத்துல பாக்கறதுல கோளாறு இருக்க பிள்ளைங்க நெறைய பேரு தூரத்து போர்டு டெஸ்டுல பாஸ் ஆயிரும். அவன் தலை வலிக்கின்னு சொல்றது சாக்கா இல்லாம உண்மையாவே இருக்கலாம். திருநெல்வேலி டவுண்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988லேருந்து இருக்கு, அங்க இல்லன்னா வேற எங்கயாவது சொட்டு மருந்து விட்டு பாக்குற முழு செக்கப்பா கேட்டு பண்ணுங்க. காதும் அப்படித்தான், அடிக்கடி சளி புடிக்கிற பிள்ளைக்கு காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டா எல்லாம் மந்தமாத்தான் கேக்கும், அப்ப ல, ள வித்தியாசம் எப்படி காதுல விழும்? ரெண்டும் சரியா இருக்குன்னு தெரிஞ்சா பெறவு மனசு திடமா வேலைய ஆரம்பிக்கலாம்.

இனி எங்க தடுக்குதுன்னு பாக்கணும். 1986ல கஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு கணக்கு சொன்னாங்க, எழுத்த ஒலியா மாத்துற தெறமையையும் கேட்டா புரிஞ்சுக்குற தெறமையையும் பெருக்குனா வர்றதுதான் வாசிச்சுப் புரியறது. கூட்டல் இல்ல, பெருக்கல். ஒண்ணு சைபர்னா விடையும் சைபர். உங்க பையன் கதைய கேட்டு திருப்பி சொல்லுதான்னா ரெண்டாவது எண்ணு நல்லா இருக்கு, மொதல் எண்ணுதான் கம்மி. அதுலயும் எங்கன்னு தெரிய ஒரு வேலை பண்ணுங்க. க கா கி கீ வரிசைய அவன் ஒப்பிக்கறத நம்பாதீங்க, அது பாட்டு, வாய்க்கு பழகிப்போச்சு. பழைய காலண்டர் தாள கிழிச்சு துண்டு துண்டா எழுத்து எழுதி கலைச்சுப் போட்டு காட்டுங்க, மீ, து, கெ, ணி, றா, பொ. ஒவ்வொண்ணையும் பாத்தவுடனே சொல்லுதானா, இல்ல உள்ளுக்குள்ள 'ம மா மி மீ'ன்னு வரிசைய ஓட்டி வந்து சொல்லுதானான்னு பாருங்க. ஓட்டிப் பாத்து சொல்லுதான்னா அவனுக்கு எழுத்து இன்னும் தெரியலன்னுதான் அர்த்தம். ஒரு வார்த்தையில நாலு எழுத்து இருந்தா நாலு தடவ அந்த பாட்ட ஓட்டணும், நாலாவது எழுத்துக்கு வர்றதுக்குள்ள மொத எழுத்து மறந்துபோயிரும். அதான் எந்திரிச்சு ஓடுதான்.

எந்தெந்த எழுத்துல நிக்கான்னு ஒரு தாள்ல குறிச்சு வைங்க, 247ம் தெரியணும்னு இப்ப அவசியமே இல்ல. ங வரிசை, ஞ வரிசையில பாதி எழுத்து எந்த வார்த்தையிலயும் வராது, அத போட்டு பிள்ளைய வதைக்கறதுல எனக்கு உடன்பாடே கெடையாது. ட, ப, ம மாதிரி வடிவம் ஒத்துப்போற, அடிக்கடி வர்ற எழுத்துகள மொதல்ல எடுங்க, மூணு எழுத்து தெரிஞ்ச உடனே படம், மடம், பட்டம்னு வார்த்தைக்குப் போயிருங்க. எழுத்தெல்லாம் முடிச்சுட்டு வார்த்தைன்னு வச்சா அவன் சடஞ்சு போவான்.

குறியீடு வரும்போது ஒவ்வொண்ணா வாங்க, ஒண்ணு கைக்கு வந்தாத்தான் அடுத்தது. மொதல்ல கால். இதுலயே நெறைய பிள்ளைங்க மாட்டும், ஏன்னா கால் பாக்கறதுக்கு ர மாதிரியே இருக்கு, காகம்ங்கறத கரகம்னு வாசிக்கும். அப்படி வாசிச்சா கவனக்குறைவுன்னு ஏசாதீங்க, அது கண்ணு பண்ற வேலை. பெறவு கி, கீ. கு, கூ வரிசைய தனியா நேரம் எடுத்து பண்ணுங்க, கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, டு ஒரு மாதிரி, ஒரு ஒழுங்குலயும் அடங்காது, ஒவ்வொண்ணும் தனி எழுத்து மாதிரி பழகணும். கடைசியா கொம்பு. கண்ணு எடப்பக்கத்துலேருந்து போகும்போது மொதல்ல கொம்புதான் தெரியுது, ஆனா வாய் க சொல்லி முடிச்சுத்தான் எ சொல்லணும், கொ, கோன்னா ரெண்டு பக்கமும் வேற. கொடிய கெரடின்னு வாசிச்ச பிள்ளைங்கள நான் எத்தனையோ பாத்திருக்கேன், எல்லாம் புத்திசாலிப் பிள்ளைங்க. கொம்பு வந்தா 'கொஞ்சம் பொறு, அடுத்த எழுத்தோட சேத்து ஒரே தடவையா பாரு'ன்னு சொல்லி ரெண்டையும் சேத்து பென்சிலால ஒரு வட்டம் போட்டுக் குடுங்க, கொஞ்ச நாள்ல அவனே மனசுக்குள்ள வட்டம் போட்டுக்கிடுவான். இதுக்கிடையில ஒண்ணு, தாத்தா வீட்டு பீரோவுல இருக்க பழைய புத்தகத்த இப்ப குடுக்காதீங்க, 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னால அச்சடிச்சதுல னை, லை, ணா, றா எல்லாம் வேற வடிவத்துல இருக்கும்.

எழுத்து தெரிஞ்சும் வாசிக்க வரலன்னா தடுக்கற எடம் கூட்டறதுலதான் இருக்கு, நம்ம ஊர்ப் பிள்ளைங்கள்ல அதிகம் நான் பாக்கறது இதைத்தான், அதனால இத மட்டும் நிதானமா வாசிங்க. புள்ளி எழுத்த நம்ம இக், இங், இச்னு சொல்லிக் குடுக்கோம். பேரு சொல்ல அது சரிதான். ஆனா பிள்ளை பட்டம்ங்கறத ப, இட், ட, இம்னு நாலா சொல்லுது, சேத்துச் சொல்லுன்னா 'பஇட்டஇம்'னு வருது, அப்படி ஒரு வார்த்தையே அவன் கேட்டதில்ல, அப்ப பட்டம்னு அவனுக்கு எப்படி தட்டுப்படும்? எழுத்தெல்லாம் சரியா சொல்லிட்டியே, வார்த்தை ஏன் தெரியலன்னு நம்ம கேக்கோம், அவன் முழிக்கான்.

இதுக்கு வழி, புள்ளி எழுத்த ஒருபோதும் தனியா நிக்க விடாதீங்க. அது எப்பவும் முன்னால இருக்க எழுத்தோட ஒட்டித்தான். பட்-டம், அம்-மா, கப்-பல், மண்-வெட்-டி. முதல்ல புத்தகமே வேண்டாம், வாயால மட்டும், சாப்புடும்போது குளிக்கும்போது நீங்க வார்த்தை சொல்லுங்க அவன் கைதட்டி பிரிக்கட்டும், பெறவு நீங்க பிரிச்சு சொல்லுங்க அவன் சேக்கட்டும், 'தோ-சைக்-கல்' என்னது? தோசைக்கல்லு. இது ஒரு வாரம் வெளையாட்டா ஓடட்டும். அதுக்குப் பெறவு எழுதிக் காட்டும்போது பட் ஒரு கலரு, டம் ஒரு கலருன்னு எழுதுங்க, விரல வச்சு ஒவ்வொரு துண்டா தேச்சு வாசிக்கச் சொல்லுங்க. தட்டுல மணலப் பரப்பி விரலால எழுதிக்கிட்டே சத்தம் குடுக்கறதும் நல்லது, அந்தக் காலத்து திண்ணைப் பள்ளிக்கூடத்துல பண்ணுனதுதான், கண்ணு காது விரலு மூணும் ஒண்ணா வேலை பாக்கும்போது எழுத்து நிக்கும்.

தங்கம்ங்கறத அழுத்தி 'தங்-க்கம்'னு வாசிச்சா விதி ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க. ஒரே க எங்க அழுத்தி வரும் எங்க மெதுவா வரும்னு அவன் காதுக்கு ஏற்கனவே தெரியும், வெரசா இன்னொரு தடவ சொல்லுன்னா அவனே திருத்திக்கிடுவான்.

நீங்க இருக்க ஊருக்கு ஒரு வசதி உண்டு. தென்காசி பாசஞ்சர்ல ஏறி ஜன்னல் பக்கம் உக்காத்தி வைங்க, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சின்னு ஸ்டேஷன் போர்டு வரிசையா வரும். பெரிய எழுத்து, கலங்காத மஞ்சள் போர்டு, வண்டி நிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு, பேரும் அவன் காதுக்கு பழக்கப்பட்டது. போறதுக்கு மொத நாள் வீட்டுல ஆழ்-வார்-கு-றிச்-சின்னு துண்டா எழுதி பழகிட்டு போங்க, மறுநாள் போர்டுல பாத்தா அவனுக்கு வர்ற சந்தோஷம் இருக்கே, எந்தப் பாடப்புத்தகமும் அதைக் குடுக்காது. காருகுறிச்சி ஒண்ணுலயே ரவும் றவும் இருக்கு பாருங்க. பஸ் போர்டு, டீக்கடை போஸ்டர், மளிகைச் சீட்டு எல்லாமே இப்படித்தான், எட்டரை வயசுப் பிள்ளைக்கு 'அணில் இலை' படப்புத்தகத்த குடுத்தா அவனுக்கு வெக்கமா இருக்கும், மளிகைச் சீட்டு வாசிச்சா பெரிய மனுசனா நெனைப்பான்.

அடுத்து ஒரு விஷயம், இதை யாரும் யோசிக்கறதில்ல. நம்ம பேசுற தமிழ் வேற, புத்தகத் தமிழ் வேற. அவன் வீட்டுல கேக்குறது 'அவுக நேத்தே வந்துட்டாவ', புத்தகத்துல இருக்கது 'அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள்'. எழுத்த கஷ்டப்பட்டு கூட்டி முடிச்சு வந்து நிக்கிற வார்த்தை அவன் ஒரு நாளும் வாயால சொல்லாத வார்த்தை. அதனால ரெண்டு காரியம். ஒண்ணு, புத்தகத்துல 'வீட்டிற்குச் சென்றான்'னு இருக்கத அவன் 'வீட்டுக்குப் போனான்'னு வாசிச்சா தப்புன்னு வெட்டாதீங்க, அவன் புரிஞ்சுக்கிட்டான், அது பெரிய விஷயம். 'ஆமா அதேதான், எழுத்துல எப்படி போட்டிருக்குன்னு ஒரு தடவ பாரு'ன்னு சொன்னா போதும். பழத்த பளம்னு வாசிச்சாலும் வாசிப்பு நேரத்துல விட்டுருங்க, ழகரத்த வேற நேரத்துல தனியா பாத்துக்கலாம்.

ரெண்டாவது, அவன் பேச்சயே அவனுக்குப் புத்தகமாக்குங்க. சாயங்காலம் அவன் வாய்க்கால்ல குளிச்சதயோ கன்னுக்குட்டி கயித்த அத்துக்கிட்டு ஓடுனதயோ சொல்லச் சொல்லி அவன் சொல்றபடியே, நம்ம ஊர்ப் பேச்சுலயே, நாலு வரி பெரிய எழுத்துல ஒரு நோட்டுல எழுதுங்க. அடுத்த நாள் அவன் அத வாசிக்கணும். அடுத்து என்ன வார்த்தை வரும்னு அவனுக்கே தெரியும்ங்கறதால துணிஞ்சு வாசிப்பான். நோட்டு நெறைய நெறைய அதே கதைய பக்கத்துப் பக்கத்துல புத்தகத் தமிழ்லயும் எழுதி ரெண்டையும் வாசிக்க வைங்க. நான் பாத்த பிள்ளைங்க பல பேரு கடை புத்தகத்துக்கு முன்னால அவங்க சொந்த நோட்டுலதான் மொத மொத முழுசா ஒரு பக்கம் வாசிச்சாங்க.

நேரம்னு பாத்தா காலையில ஒரு பதினைஞ்சு நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், தினமும். ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம்ங்கறது பிரயோஜனமே இல்ல. காலையில கலைச்சுப் போட்ட எழுத்து கொஞ்சம், துண்டு பிரிக்கறது கொஞ்சம், நேத்து வாசிச்சத மறுபடியும் ஒருக்கா, புதுசா ரெண்டு வரி. ஒரே பத்திய மூணு நாலு நாள் திருப்பித் திருப்பி வாசிக்கறது சோம்பேறித்தனம்னு நெனைக்காதீங்க, வேகம் வர்றது அப்படித்தான். சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்து ஒரே நேரத்துல சத்தமா வாசிங்க, நீங்க அவன் வேகத்துக்கு எறங்கி வாங்க, தனியா வாசிக்கணும்னு தோணுனா அவன் உங்க கைய தட்டணும், நீங்க நிறுத்தணும், எங்கயாவது நின்னா ஒரு அஞ்சு எண்ணுற வரைக்கும் பொறுத்துட்டு வார்த்தைய சொல்லிக் குடுத்துட்டு மறுபடி கூட சேந்துக்கிடுங்க. படத்தப் பாத்து யூகிக்கச் சொல்லாதீங்க, எழுத்தத்தான் பாக்கணும். மாசத்துக்கு ஒருக்கா போன்ல ஒரு நிமிஷம் அவன் வாசிக்கறத ரெக்கார்ட் பண்ணி வைங்க, தினம் பாக்கும்போது ஒண்ணும் நகராத மாதிரித்தான் தெரியும், மூணாவது மாசம் மொத ரெக்கார்டிங்க கேட்டா உங்களுக்கே தைரியம் வரும்.

வாசிக்க வரலங்கறதுக்காக மத்த படிப்ப நிறுத்திராதீங்க. வீட்டுப் படிப்போட பெரிய பலமே இதுதான், பள்ளிக்கூடத்துல வாசிக்கத் தெரியலன்னா அறிவியலும் போயிரும் வரலாறும் போயிரும், உங்க வீட்டுல போக வேண்டாம். நீங்க வாசிச்சுக் காட்டுங்க, அவன் வயசுக்கு மேல உள்ளதயும் வாசிங்க. ஆதிச்சநல்லூர் தோண்டுன எடத்துக்கே கூட்டிட்டு போங்க, பக்கம்தான், முதுமக்கள் தாழிய நேர்ல பாத்துட்டு வந்து அதப் பத்தி நீங்க வாசிச்சா அவன் விட மாட்டான். ஆச்சி கதை சொல்லட்டும். கேட்டு சேத்து வச்ச வார்த்தைதான் நாளைக்கு அவன் வாசிக்கும்போது கை குடுக்கும்.

புத்தகத்துக்கு பெரிய செலவு வேண்டாம். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைங்க நாலு நிலையா பிரிச்சு இலவசமா கெடக்கு. தமிழ்நாடு அரசு வாசிப்பு இயக்கத்துக்குன்னு போட்ட சின்ன புத்தகங்க நுழை, நட, ஓடு, பறன்னு இருக்கு, அரசுப் பள்ளி டீச்சர் யாரையாவது தெரிஞ்சா கேட்டு வாங்கிப் பாருங்க, நுழை வரிசை உங்க பையனுக்கு இப்ப சரியா இருக்கும்னு தோணுது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல அவன் பேருல ஒரு கார்டு எடுங்க, அவன் கையால புத்தகம் எடுக்கட்டும்.

இன்னொண்ணு மனசுல வச்சுக்கிடுங்க. நீங்களே அம்மா, நீங்களே டீச்சர். வாசிப்பு நேரத்துல கோவம் வந்தா மிச்ச நாள் பூரா அது வீட்டுல சுத்தும். உங்களுக்கு கோவம் வர்ற மாதிரி தெரிஞ்சா அன்னைக்கு நோட்ட மூடிருங்க, இல்லன்னா அந்த பத்து நிமிஷத்த சித்திகிட்டயோ பக்கத்து வீட்டு அக்காகிட்டயோ விடுங்க. சொந்தக்காரங்க வந்து 'எம் பேரன் யூகேஜியிலயே பேப்பர் வாசிக்கான்'னு அவன் முன்னால சொன்னா நயமா பேச்ச மாத்துங்க, எந்தக் காரணத்துக்காகவும் வந்தவங்க முன்னால வாசிச்சுக் காட்டச் சொல்லாதீங்க.

இப்படி விடாம ஆறு மாசம் பண்ணியும் எழுத்து நேத்து தெரிஞ்சது இன்னைக்கு மறந்துபோகுது, வாசிப்பு ரொம்ப மெதுவாவே நிக்குதுன்னா, இல்ல உங்க பக்கமோ வீட்டுக்காரர் பக்கமோ இப்படி வாசிக்கத் திணறுனவங்க உண்டுன்னா, அது டிஸ்லெக்சியாவான்னு, அதாவது வாசிக்கறதுல வர்ற கற்றல் குறைபாடான்னு பாத்துருங்க. அது புத்திக்குறைவு கெடையாது. தமிழ் மாதிரி எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் உள்ள மொழியில அது தப்புத் தப்பா வாசிக்கறத விட மெதுவா வாசிக்கறதாத்தான் அதிகம் தெரியும், அதனாலயே சோம்பேறின்னு பேரு வாங்குதுங்க. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்ல உள்ள திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில குழந்தைகள் பிரிவுல போயி கற்றல் குறைபாட்டுக்கு எங்க பாக்காவன்னு விசாரிங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல உள்ள 21 வகையில கற்றல் குறைபாடும் ஒண்ணு, சான்றிதழ் எட்டு வயசுக்கு மேலதான் குடுப்பாங்க, உங்க பையனுக்கு அந்த வயசு ஆயிட்டு. சான்று இருந்தா பின்னால பரீட்சையில கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள்னு சலுகை கேக்கலாம், என்ஐஓஎஸ்ங்கற தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியா பத்தாவது எழுதணும்னா 14 வயசு ஆகணும், ஆக நமக்கு நேரம் இருக்கு. ஞாபகசக்தி டானிக், கலர் கண்ணாடி, கண்ணுக்கு பயிற்சின்னு யாராவது பணம் கேட்டா குடுக்காதீங்க, கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவுக்கு உதவும்னு ஆதாரம் இல்லன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கங்களும் சேந்தே 2009ல அறிக்கை விட்டாச்சு.

கடைசியா இங்கிலீஷ் கேட்டிருந்தீங்க. இப்ப ரெண்டையும் சேத்து வாசிக்க வைக்காதீங்க. தமிழ்ல ஒரு பக்கம் தடுமாறாம வாசிக்கிற வரைக்கும் இங்கிலீஷ் காதுலயும் வாயிலயும் மட்டும் இருக்கட்டும், பாட்டு, கதை, பேச்சு. பெறவு எழுத்துப் பேர வச்சு இல்லாம ஒலிய வச்சு ஆரம்பிங்க, பட்-டம்னு பிரிச்சுக் கூட்டுன பழக்கம் அங்க அப்படியே கூட வரும். சின்ன b, d ரெண்டும் மாறுனா ஒரே நாள்ல ரெண்டையும் சொல்லிக் குடுக்காம, ஒண்ணு நல்லா நின்ன பெறவு மத்தத எடுங்க.